உண்டியலில் எவ்வளவு தேறும்?

ஒரு கிலோ ஒரு ரூபாய்க் காசையும் ஒரு கிலோ பத்து ரூபாய்க் காசையும் இரண்டு பைகளில் கட்டிக் கையில் கொடுத்தால், கைக்கு வித்தியாசம் தெரியாது. முதல் பையில் இருப்பது ஏறக்குறைய 264 ரூபாய். இரண்டாவதில் 1,300 ரூபாய். சில்லறை மதிப்பீட்டில் பெரும்பாலானவர்கள் சறுக்குவது இந்த இடத்தில்தான். பாட்டில் எவ்வளவு பெரியது, எவ்வளவு நிறைந்திருக்கிறது என்று கண் பார்க்கிறது. பணமோ கலவையில் இருக்கிறது. எந்தக் காசு எத்தனை பங்கு என்பதை ஓரளவு பிடித்துவிட்டால், மீதி வேலையைத் தராசே செய்துவிடும்.

எதற்காக மதிப்பிட வேண்டும், எண்ணிவிட்டால் போயிற்றே என்று கேட்கலாம். காசு இரண்டு கிலோவுக்குள் இருந்தால் எண்ணிவிடுவதே நல்லது. சுமார் 430 காசுதான் இருக்கும், வீட்டில் இரண்டு பேர் உட்கார்ந்தால் ஒரு சீரியல் முடிவதற்குள் வேலை முடிந்துவிடும். அதற்கு மேல் போகும்போதும், உடைக்க மனமில்லாத மண் உண்டியலாக இருக்கும்போதும், பள்ளி விழாவில் கண்ணாடி ஜாடியைக் காட்டி ‘எவ்வளவு இருக்கும், சொல்லுங்கள்’ என்று கேட்கும்போதும்தான் இந்த அத்தியாயம் உதவும்.

முதலில், யாருடைய உண்டியல்?

தராசைத் தேடுவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி இது. வாசல் பக்கத்து அலமாரியில் மூடி இல்லாமல் இருக்கும் ஹார்லிக்ஸ் பாட்டிலை எடுத்துக்கொள்ளுங்கள். காசு போவது போலவே வெளியேயும் வரும். ஷேர் ஆட்டோவுக்கு, வண்டி நிறுத்தும் இடத்துக்கு, கீரைக்காரம்மாவுக்கு என்று அவசரத்தில் கையை விடுபவர்கள் ஐந்தையும் பத்தையும்தான் பொறுக்குவார்கள். ஒரு ரூபாயை யாரும் தேடி எடுப்பதில்லை. ஆகவே இந்த வகை பாட்டிலில் நாளாக ஆக ஒன்றும் இரண்டும் மட்டுமே தங்கிப்போகும். பார்வைக்கு நிறைவாக இருக்கும், எண்ணினால் ஏமாற்றமாக இருக்கும்.

மண் உண்டியல் வேறு கதை. ஈர்க்குச்சியும் கத்தி முனையும் கொண்டு கவிழ்த்து உலுக்கும் பிள்ளைகள் இல்லாத வீடாக இருந்தால், போனது போனபடியே இருக்கும். தாத்தா பாட்டி ஊரிலிருந்து வரும்போது பிள்ளைகளின் கையில் வைப்பது பெரும்பாலும் பத்துக்குக் குறையாது. நாலாக மடித்துச் செருகிய நோட்டும் உள்ளே இருக்கலாம். நோட்டு தராசில் தெரியாது. அதனால் பிள்ளைகளின் மண் உண்டியலில் நம் கணக்கு எப்போதும் கொஞ்சம் குறைவாகவே வரும். அந்தப் பக்கமாகத் தவறுவது நல்லதுதான், உடைக்கும்போது முகம் வாடாது.

வீட்டில் சமீபத்தில் கல்யாணமோ காதுகுத்தோ நடந்திருக்கிறதா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். 101, 501 என்று வந்த மொய்க் கவர்களில் ஒட்டியிருந்த ஒரு ரூபாய்க் காசுகள் எல்லாம் இந்த டப்பாவுக்குத்தான் வந்து சேர்ந்திருக்கும். அப்படிப்பட்ட வீட்டில் ஒரு ரூபாயின் பங்கை நீங்கள் நினைப்பதைவிடக் கூட்டிப் போடுங்கள். இதற்கு நேர்மாறாக, கடைக்காரர் வீட்டு உண்டியலில் ஒரு ரூபாய் அரிதாகவே இருக்கும். கல்லாவுக்கு அதுதான் தேவை என்பதால் அங்கேயே தங்கிவிடும்.

குலசாமிக்கோ திருப்பதிக்கோ மஞ்சள் துணியில் முடிந்து வைத்த காசு இந்தக் கணக்கில் சேராது. பாட்டிலுக்குள் அந்த முடிச்சும் கிடந்தால் எடையிடும் முன்பே வெளியே எடுத்து வைத்துவிடுங்கள்.

காசின் எடை

இந்திய நாணயங்களில் 2011 ஒரு பிரிகோடு. ரூபாய்க் குறியான ₹ 2010-இல் ஏற்கப்பட்டது. அடுத்த ஆண்டு வந்த நாணய வரிசையில் அது இடம்பெற்றது. அதே வரிசையில் காசுகளும் ஒரு படி இளைத்தன. அதற்கு முந்தைய எஃகு ஒரு ரூபாய் 25 மில்லிமீட்டர் அகலம், 4.85 கிராம். 2011-க்குப் பிந்தைய ஒரு ரூபாய் 22 மில்லிமீட்டர், 3.79 கிராம். இது பழைய எட்டணாவின் உடம்பு. புதிய இரண்டு ரூபாயோ 25 மில்லிமீட்டர், 4.85 கிராம். அதாவது பழைய ஒரு ரூபாயின் உடம்பேதான். காசை எண்ணும்போது விரல் ஏமாறுவதற்குக் காரணம் வயதல்ல, இந்த மாற்றம்தான்.

பழைய ஒன்றையும் புதிய இரண்டையும் பிரிக்க எளிய வழி, ₹ குறியைத் தேடுவது. 2011-க்கு முன் சில ஆண்டுகள் கை முத்திரை போட்ட காசுகள் வந்தன. ஒரு ரூபாயில் கட்டைவிரல் உயர்ந்திருக்கும், இரண்டு ரூபாயில் இரண்டு விரல் நீட்டியிருக்கும். அவற்றை எழுத்துத் தெரியாதவரும் பிரித்துவிடலாம்.

2019-இல் மறுபடியும் ஒரு புது வரிசை அறிவிக்கப்பட்டது. பார்வையற்றவர்கள் தடவிப் பார்த்து அறியும்படி, மதிப்பு ஏற ஏற அகலமும் எடையும் ஏறுமாறு அமைத்தார்கள். அதில் ஒரு ரூபாய் 3.09 கிராம், இரண்டு ரூபாய் 4.07, ஐந்து ரூபாய் 6.74. பித்தளை நிறத்தில் அதற்கு முன்பு வந்த ஐந்து ரூபாய் 6 கிராம். தொண்ணூறுகளில் வந்த வெள்ளை நிறத் தடிமன் ஐந்து ரூபாய் 9 கிராம். இரு நிறப் பத்து ரூபாய் ஏறத்தாழ 7.7 கிராம். பன்னிரண்டு பக்கம் கொண்ட இருபது ரூபாய் 8.54 கிராம்.

இவ்வளவையும் நினைவில் வைக்கத் தேவையில்லை. அடுப்படி அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டி வைக்க இது போதும். ஒரு கிலோவுக்கு எவ்வளவு ரூபாய் என்ற கணக்கு:

பழைய 1 ரூபாய்: 206
2011-க்குப் பிந்தைய 1 ரூபாய்: 264
2011-க்குப் பிந்தைய 2 ரூபாய்: 412
பித்தளை 5 ரூபாய் (6 கிராம்): 833
10 ரூபாய்: சுமார் 1,300
20 ரூபாய்: சுமார் 2,340

மேலிருந்து கீழே போகப் போக எடைக்கு மதிப்பு எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்று பாருங்கள். ஐந்து ரூபாயின் பங்கில் கொஞ்சம் பிசகினால் மொத்தமே ஆடிப்போகும். ஒரு ரூபாயின் பங்கில் பிசகினால் பெரிதாகத் தெரியாது.

எடையிடுவது

சமையலறைத் தராசு பெரும்பாலும் ஐந்து அல்லது பத்து கிலோ வரைதான் தாங்கும். அதற்கு மேல் இருந்தால் பங்கு பங்காகப் போட்டுக் கூட்டிக்கொள்ளலாம். குளியலறை எடை இயந்திரம் இருந்தால் உண்டியலைப் பிடித்துக்கொண்டு ஒருமுறை, வெறுங்கையோடு ஒருமுறை ஏறி நின்று கழித்துக்கொள்ளுங்கள். அது அரை கிலோ முன்னே பின்னே காட்டும் என்பதால் சிறிய உண்டியலுக்கு உதவாது. தெருமுனை பழைய பேப்பர்க் கடைக்காரரின் கொக்கித் தராசு இதற்கு அருமையான சாதனம். உள்ளே இருப்பது என்ன என்று சொல்லாமல் நிறுத்துக்கொண்டு வருவது உங்கள் சாமர்த்தியம்.

பாத்திரத்தின் எடையைக் கழிக்க மறக்காதீர்கள். கண்ணாடி பாட்டிலின் கனத்தைப் பலர் குறைத்தே நினைக்கிறார்கள். உடைக்காத மண் உண்டியலுக்கு, அதே அளவில் வெறும் உண்டியல் ஒன்றை வாங்கி நிறுத்துப் பார்ப்பதுதான் வழி. எப்படியும் அடுத்த சேமிப்புக்கு அது வேண்டியிருக்கும்.

காசோடு கிடக்கும் ஊக்கு, சாவி, பொத்தான், துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் போய் வந்த சித்தப்பா பையிலிருந்து விழுந்த அந்நிய நாட்டுக் காசு, இவையெல்லாம் திறக்கக்கூடிய பாத்திரமாக இருந்தால் முன்கூட்டியே வெளியேறட்டும்.

மாதிரி எடுப்பது

பாட்டிலின் மேலாக ஒரு கை அள்ளி அதை வைத்துக் கணக்குப் போடுவது எல்லோரும் செய்வது, தவறானதும்கூட. மேலே இருப்பது அண்மையில் விழுந்தது, அடியில் இருப்பது பழையது. போதாததற்கு, தூக்கி வைக்கும்போதும் குலுக்கும்போதும் சின்னக் காசு இடுக்கு வழியே கீழே இறங்கிவிடும், பெரியது மேலே மிதக்கும். மேல் கைப்பிடி எப்போதும் பணக்காரத் தோற்றம் தரும்.

ஒரு பழைய வேட்டியை விரித்து முழுவதையும் கொட்டுங்கள். இரு கையாலும் புரட்டிக் கலந்து, வட்டமாகப் பரப்பி, நான்கு பங்காகக் கோடு இழுத்து, எதிரெதிராக உள்ள இரண்டு பங்கை விலக்குங்கள். மீதியை மறுபடியும் கலந்து அதே போல் பிரியுங்கள். தானிய மூட்டையில் மாதிரி எடுப்பவர்கள் செய்வது இதுதான். அரை கிலோ அளவு வரும்வரை இப்படிக் குறைத்துக்கொண்டே வந்தால் அந்த அரை கிலோ மொத்தத்தின் முகத்தை ஓரளவு சரியாகக் காட்டும்.

ஓர் எடுத்துக்காட்டு. பாத்திரம் போக மொத்தம் 6.2 கிலோ. மாதிரியில் பழைய ஒரு ரூபாய் 20, புதிய ஒரு ரூபாய் 45, புதிய இரண்டு ரூபாய் 24, பித்தளை ஐந்து 14, பத்து ரூபாய் 4, எட்டணா 2. கூட்டினால் 224 ரூபாய். எடை 506 கிராம். கிலோவுக்கு 442 ரூபாய் வீதம் வைத்தால் மொத்தத்தில் சுமார் 2,740 ரூபாய் தேறும்.

இந்தக் கணக்கில் பலவீனமான கண்ணி எது? அந்த நான்கு பத்து ரூபாய்தான். 109 காசில் நான்கே நான்கு, ஆனால் மதிப்பில் ஆறில் ஒரு பங்குக்கு மேல். கைத்தவறுதலாக மாதிரியில் இன்னும் இரண்டு பத்து ரூபாய் விழுந்திருந்தால் மொத்த மதிப்பு 2,900-ஐத் தொட்டிருக்கும். ஒரு ரூபாய் இரண்டு கூடக் குறைய விழுந்திருந்தால் இந்த அளவுக்கு ஆட்டம் இருந்திருக்காது.

அதனால் என் சிபாரிசு இது. கொட்டியவுடன் பத்து, இருபது ரூபாய்க் காசுகளை முழுவதுமாகப் பொறுக்கி எண்ணிவிடுங்கள். இரு நிறம் என்பதால் கண் தானாகவே பிரித்துவிடும். மதிப்பீடு மீதிக்கு மட்டும். மேலே சொன்ன குவியலில் 46 பத்து ரூபாய் கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். அது 460 ரூபாய், 355 கிராம். மீதி 5.845 கிலோ. பத்து ரூபாயை நீக்கிய மாதிரியில் 184 ரூபாய்க்கு 475 கிராம், அதாவது கிலோவுக்கு 387. பெருக்கினால் 2,262. கூட்டினால் 2,722. முந்தைய கணக்கோடு பெரிய வித்தியாசம் இல்லை என்று தோன்றலாம். வித்தியாசம் தொகையில் இல்லை, எவ்வளவு நம்பலாம் என்பதில் இருக்கிறது. இந்த இரண்டாவது தொகையை நம்பிப் பிள்ளைக்குச் சைக்கிள் முன்பணம் கொடுக்கலாம்.

இன்னும் கொஞ்சம் துல்லியம் வேண்டுமானால் ஒரு காந்தம் எடுங்கள். பழைய ஸ்பீக்கரின் பின்னால் இருப்பது போதும். எஃகுக் காசுகளான ஒன்றும் இரண்டும் கொத்தாக ஒட்டிக்கொண்டு வரும். பித்தளை ஐந்து ரூபாய் ஒட்டாது, தொண்ணூறுகளின் வெள்ளை ஐந்து ரூபாயும் ஒட்டாது. வேட்டியில் மிஞ்சிக் கிடப்பதை எண்ணிவிட்டால் உங்கள் மதிப்பீட்டில் பிசகு வரக்கூடிய பெரும்பகுதி தீர்ந்தது. ஒட்டியதை மாதிரி எடுத்து மதிப்பிடுங்கள். இடையில் எஃகிலும் சில ஐந்து ரூபாய்க் காசுகள் வந்தன, அவை காந்தத்தோடு போய்விடும். அதற்காகக் கவலைப்பட வேண்டாம், மாதிரியில் அவையும் வந்து விழும். பிள்ளைகளுக்கு இந்த வேலையைக் கொடுத்துவிட்டால் நமக்கு மிச்சம் மேற்பார்வை மட்டும்தான்.

தொட முடியாத ஜாடி

பந்தயத்தில் ஜாடியைத் திறக்கவும் விடமாட்டார்கள், தூக்கவும் விடமாட்டார்கள். அப்போது கொள்ளளவிலிருந்துதான் தொடங்க வேண்டும். தளரக் கொட்டிய காசு ஒரு லிட்டர் இடத்தில் சுமார் நான்கிலிருந்து ஐந்து கிலோ வரை அடங்கும். எஃகு கனமானது என்றாலும் தட்டையான காசுகள் ஒன்றின் மேல் ஒன்று கோணலாகக் கிடப்பதால் இடத்தில் ஏறக்குறைய பாதி காற்றுதான். கழுத்துக் குறுகிய பாட்டில், வளைந்த பாட்டில் இவற்றில் காற்று இன்னும் கொஞ்சம் கூடும்.

இரண்டு லிட்டர் ஜாடியில் முக்கால் பங்கு நிறைந்திருந்தால் ஒன்றரை லிட்டர். நடுவாக லிட்டருக்கு நாலரை கிலோ வைத்தால் 6.75 கிலோ. கிலோவுக்கு 440 ரூபாய் என்றால் ஏறக்குறைய 2,970. கீழ்க்கோட்டுக்கு நான்கு கிலோவும் கிலோவுக்கு 350 ரூபாயும் வைத்தால் 2,100. மேல்கோட்டுக்கு ஐந்து கிலோவும் 550-உம் வைத்தால் 4,100-ஐத் தாண்டும். இவ்வளவு அகலமான இடைவெளியா என்று மலைக்க வேண்டாம். பக்கத்தில் நிற்பவர் பத்தாயிரம் என்று எழுதிக்கொண்டிருப்பார்.

கிலோவுக்கு 350-ஆ 550-ஆ என்பதை மஞ்சள் நிறம் சொல்லும். கண்ணாடி வழியாகத் தெரியும் காசுகளில் நூறு எண்ணி, எத்தனை பித்தளை, எத்தனை இரு நிறம் என்று பாருங்கள். ஜாடியின் ஒரு பக்கத்தை மட்டும் பார்க்காமல் சுற்றி வந்து, மேல், நடு, அடி என்று மூன்று உயரத்திலும் எண்ணுங்கள். பந்தயம் வைப்பவர்கள் பளபளப்பான பத்து ரூபாயை வெளிப்பக்கம் தெரியும்படி அடுக்குவதும் உண்டு. கண்ணாடியை ஒட்டித் தட்டையாகப் படுத்திருக்கும் காசு ஜாடியின் வயிறும் அப்படியே நிறைந்திருப்பதாகக் காட்டும், அதையும் நம்ப வேண்டாம்.

கூட்டமாகப் போயிருந்தால் இன்னொரு உபாயம் இருக்கிறது. 1906-இல் இங்கிலாந்தின் பிளிமத் நகரச் சந்தையில், ஒரு மாட்டை அறுத்துச் சுத்தம் செய்தபின் எவ்வளவு எடை நிற்கும் என்று போட்டி வைத்தார்கள். படிக்கத்தக்க 787 சீட்டுகளை வாங்கி ஆராய்ந்த பிரான்சிஸ் கால்டன், அவற்றை வரிசைப்படுத்தி நடுவில் நின்ற சீட்டை எடுத்தார். அதில் இருந்தது 1,207 பவுண்டு. உண்மை எடை 1,198. தனித்தனியே தாறுமாறாகச் சொன்னவர்கள் சேர்ந்தபோது ஒன்பது பவுண்டு இடைவெளியில் வந்து நின்றார்கள். உங்கள் வீட்டு ஆட்களையும் ஆளுக்கொரு சீட்டில் எழுதச் சொல்லி நடுச் சீட்டை எடுங்கள். சராசரி போட வேண்டாம், கடைக்குட்டி எழுதும் ‘ஒரு லட்சம்’ அதைக் கெடுத்துவிடும். முக்கியமாக, எழுதி முடிக்கும்வரை யாரும் வாய்விட்டுச் சொல்லக் கூடாது. பெரியவர் ஒருவர் ‘மூவாயிரம் இருக்குமா’ என்று முனகிவிட்டால் அதற்குப் பிறகு எல்லாச் சீட்டும் மூவாயிரத்தைச் சுற்றியே வரும்.

செல்லாதது, செல்வது, ஆசை காட்டுவது

நாலணாவும் அதற்குக் கீழே உள்ளவையும் 2011 ஜூன் 30 முதல் செல்லாது. அவற்றைக் கணக்கில் சேர்க்காதீர்கள். எட்டணா சட்டப்படி இன்றும் செல்லும், கடையில் வாங்கமாட்டார்கள் என்பது வேறு விஷயம். பத்து ரூபாய்க் காசை வாங்க மறுக்கும் ஊர்கள் நம் பக்கத்தில் இருந்தன, சில இடங்களில் இன்னும் இருக்கின்றன. வெவ்வேறு வடிவமைப்பில் வந்ததால் போலி என்று வதந்தி பரவியது. பதினான்கு வடிவமைப்புகளும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியில் அறிவித்தது. ஆகவே முழு மதிப்புக்கே கணக்கிடுங்கள்.

நினைவு நாணயங்கள் தட்டுப்படும். 1995 தஞ்சை உலகத் தமிழ் மாநாட்டுக்கு வந்த திருவள்ளுவர் காசு, காமராசர் நூற்றாண்டு ஐந்து ரூபாய், அண்ணா நூற்றாண்டு ஐந்து ரூபாய், பெரிய கோயில் ஆயிரம் ஆண்டு ஐந்து ரூபாய். எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பார்க்க அழகு. ஆனால் புழக்கத்தில் உருண்டு தேய்ந்த காசுக்கு லட்சக்கணக்கில் தருவதாக வரும் அழைப்புகளை மதிப்பீட்டில் சேர்க்க வேண்டாம். பழைய காசு வாங்கித் தருவதாகச் சொல்லி முன்பணம் கறக்கும் மோசடி பற்றி 2021 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கியே எச்சரிக்கை விடுத்தது.

வங்கிக்குப் போகும் முன்

2011-ஆம் ஆண்டு நாணயச் சட்டப்படி, ஒரு ரூபாயும் அதற்கு மேலும் உள்ள காசுகளை 1,000 ரூபாய் வரைதான் ஒருவர் வாங்கியாக வேண்டும். எட்டணாவுக்கு வரம்பு 10 ரூபாய். எனவே மூட்டையோடு நகைக்கடைக்குப் போய்ச் சண்டை போட முடியாது. வங்கிக் கணக்கில் போடுவதற்கு ரிசர்வ் வங்கி எந்த உச்சவரம்பும் வைக்கவில்லை. ஒன்று, இரண்டு ரூபாய்களை எடை போட்டே வாங்கலாம் என்றும், நூறு நூறாகப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொடுத்தால் இரு தரப்புக்கும் வசதி என்றும் வங்கிகளுக்கு அது சொல்லியிருக்கிறது. இந்த இரண்டாவது வழியைப் பிடித்துக்கொள்ளுங்கள். எத்தனை உறை வாங்க வேண்டும் என்பதை உங்கள் மாதிரிக் கணக்கே சொல்லிவிடும்.

நூறு போட்டாயிற்றா என்று திரும்ப எண்ண வேண்டியதில்லை. 2011-க்குப் பிந்தைய ஒரு ரூபாய் நூறு 379 கிராம், இரண்டு ரூபாய் நூறு 485, ஆறு கிராம் பித்தளை ஐந்து நூறு 600, பத்து ரூபாய் நூறு ஏறத்தாழ 771. புதியதையும் பழையதையும் கலந்து ஒரே உறையில் போட்டால் இந்தச் சோதனை பலிக்காது என்பதால் வரிசை வாரியாகப் பிரித்துப் போடுங்கள். ஒரு காசின் எடை அளவுக்குக் குறைந்தால் ஒரு காசு விடுபட்டிருக்கிறது என்று பொருள்.

மாதத் தொடக்கத்தில், பென்ஷன் வாங்க வரிசை நிற்கும் நாளில் போக வேண்டாம். மாத நடுவில் மதியச் சாப்பாட்டு நேரத்துக்குப் பிறகு போங்கள். டீக்கடைக்காரரையும் தெரிந்த பஸ் கண்டக்டரையும் முன்னதாகவே கேட்டுப் பார்க்கலாம். ஒன்றும் இரண்டும் அவர்களுக்கு எப்போதும் பற்றாக்குறை, எண்ணி வைத்த உறையை நோட்டு கொடுத்து வாங்கிக்கொள்வார்கள். மிஞ்சியதை மட்டும் வங்கிக்குத் தூக்கினால் போதும். செலுத்துச் சீட்டில் காசுக்கான வரியைத் தனியாக நிரப்பி, கவுன்ட்டரை விட்டு நகரும் முன் முத்திரை விழுந்த அடிச்சீட்டில் தொகையைச் சரிபாருங்கள்.